தென்துருவக் கடலின் அரச நண்டு

ஆழம் செல்லச் செல்லக் கடல்நீர் குளிர்ந்துகொண்டே போகும் என்பது நாம் பொதுவாக அறிந்த செய்தி. நம் நாட்டைச் சூழ்ந்துள்ள கடல்களில் இது முற்றிலும் உண்மை. மேற்பரப்பில் இளஞ்சூடாக இருக்கும் நீர், 1,000 மீட்டர் ஆழத்தில் 10 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால், உலகின் தென்கோடியில் அண்டார்க்டிகாக் கண்டத்தின் மேற்குக் கரையை ஒட்டியுள்ள கடலில் இந்த முறை தலைகீழாக அமைந்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் மேல்நீர் உறையும் நிலையை எட்டி, பூஜ்யத்துக்கும் கீழே 1.8 டிகிரி வரை இறங்குகிறது. சில நூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழேயோ, பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமான உஷ்ணமுள்ள நீர் பரவிக் கிடக்கிறது.

குளிர்ந்த நீர் கனமானதாயிற்றே, அது எவ்வாறு மேலே நிற்கிறது என்று கேட்கலாம். நீரின் கனத்தை நிர்ணயிப்பது உஷ்ணம் மட்டுமன்று. அதில் கரைந்துள்ள உப்பும் ஆகும். கண்டத்தைச் சுற்றியோடும் பெரிய நீரோட்டத்திலிருந்து ஆழத்தின் வழியே வந்து சேரும் நீர் உப்பு மிகுந்தது. மேல்நீரோ பனிக்கட்டி உருகிக் கலப்பதால் உப்புக் குறைந்தது. ஆகவே உப்பு மிகுந்த நீர், தன் வெதுவெதுப்பையும் சுமந்துகொண்டு கீழே தங்கிவிடுகிறது. நம் கணக்கில் இதை வெதுவெதுப்பு என்று சொல்வதே வேடிக்கைதான். பனிப்பெட்டியினுள் இருக்கும் குடிநீரை விடவும் இது குளிர்ந்தது. எனினும் இரண்டு மூன்று டிகிரி என்னும் இச்சிறு வேறுபாட்டை எல்லைக்கோடாகக் கொண்டு இருவேறு உயிருலகங்கள் அங்கே பிரிந்து நிற்கின்றன. அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பிராணியைப் பற்றியதே இக்கட்டுரை. அதன் பெயர் நியோலிதோடஸ் யால்ட்வினி. அரச நண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அரச நண்டு என்பது எது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். ஆங்கிலத்தில் 'கிங் கிராப்' என்னும் சொல்லைப் பழைய நூல்கள் குதிரைலாட நண்டுக்கு வழங்கின. ஒடிசாவிலும் வங்காளத்திலும் கடற்கரையை அடுத்து வசிக்கும் நேயர்கள் அந்தக் குதிரைலாட நண்டைக் கண்டிருக்கக்கூடும். கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற ஓடும், ஈட்டி போன்ற வாலும் உடையது அது. உண்மையில் அது நண்டே அன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. நாம் இங்கே காணப்போகும் அரச நண்டு வேறு. இதன் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் லிதோடிடே. கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். கரடுமுரடான ஓடும், அதன்மேல் எழுந்த கூரிய முட்களும் இக்குடும்பத்தின் அடையாளங்கள்.

வியப்பு என்னவெனில், கண்டிப்பாகப் பார்த்தால் இதுவும் உண்மை நண்டு அன்று. நம் வயல் வரப்பிலும் கடற்கரையிலும் காணும் நண்டுக்கு ஓர் இணைக் கொடுக்கும், நான்கு இணை நடைகால்களும் உண்டு. அரச நண்டை நோக்கினால் ஓர் இணைக் கொடுக்கும் மூன்று இணை நடைகால்களுமே கண்ணுக்குப் புலப்படும். எஞ்சிய ஓர் இணை எங்கே? அது மிகச் சிறுத்து, ஓட்டுக்கு அடியில் செவுள்கள் இருக்கும் அறைக்குள் மடங்கிக் கிடக்கிறது. நடப்பதற்கு அது பயன்படுவதில்லை. செவுள்களைத் துடைத்துத் தூய்மை செய்வதே அதன் வேலை.

மற்றோர் அடையாளம் இன்னும் பழைய கதை ஒன்றைச் சொல்கிறது. பெண் அரச நண்டின் வயிற்றுப்பகுதி இருபுறமும் ஒத்திராமல் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். காலியான சங்கினுள் உடலைப் புகுத்தி, அச்சங்கையே வீடாகச் சுமந்து திரியும் துறவி நண்டின் வயிறும், சங்கின் சுருளுக்கு ஏற்ப முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அரச நண்டின் முன்னோர் ஒரு காலத்தில் துறவி நண்டுகளாக இருந்து, பிறகு சங்கைத் துறந்து, தமக்கெனக் கடினமான ஓட்டை வளர்த்துக்கொண்டவை என்று விலங்கியலார் ஊகித்தனர். 1992-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி இந்த ஊகத்துக்கு வலுவூட்டியது. வீட்டைத் துறந்த பின்னும் அவ்வீட்டின் கோணல் உடலில் நிலைத்துவிட்டது!

இக்குடும்பம் இந்தியக் கடலுக்கும் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் இந்திய அரசாங்க அளவைக் கப்பல் நம் ஆழ்கடல்களில் வலையிட்டு எடுத்த உயிர்களை, கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஆல்காக் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அவரும் ஆண்டர்சன் என்பவரும் 1899-ஆம் ஆண்டில் அரச நண்டுக் குடும்பத்தின் ஓர் இனத்துக்கு அக்கப்பலின் பெயரையே சூட்டிப் பாராலோமிஸ் இன்வெஸ்டிகேட்டோரிஸ் என்று வழங்கினர். வெப்ப மண்டலத்திலுங்கூட இக்குடும்பத்தார் குளிர்ந்த ஆழத்தையே நாடி வாழ்கின்றனர். கரையோரத்து வெந்நீர் இவர்களுக்கு ஆகாது.

குளிரும் மக்னீசியமும்

குளிரை விரும்பும் குடும்பம் எனில், உலகிலேயே மிகக் குளிர்ந்த தென்துருவக் கடல் இவற்றுக்குத் தாய்வீடாக இருக்கவேண்டுமே என்று தோன்றும். ஆனால் குளிரிலும் ஓர் அளவு உண்டு. பூஜ்யத்தை நெருங்கியும் அதற்குக் கீழும் உள்ள உஷ்ணநிலையில் அரச நண்டுகளும், பொதுவாக நண்டினத்தார் அனைவரும் வாழ இயலாமல் தளர்ந்துபோகின்றனர்.

இதன் காரணங்களுள் முக்கியமானதாக ஆராய்ச்சியாளர் கருதுவது மக்னீசியம். கடல்நீரில் மக்னீசிய உப்பு மிகுதியாக உள்ளது. பேதி உப்பு என்று கடைகளில் விற்கப்படுவதும் ஒரு வகை மக்னீசிய உப்பே. இது இரத்தத்தில் மிகுந்தால் நரம்பும் தசையும் மந்தமடையும். மருத்துவர்கள் கடுமையான வலிப்பைத் தணிக்க இதனை ஊசி வழியாகச் செலுத்துவதும் இக்குணத்தை முன்னிட்டுத்தான். கடற்பிராணிகள் தம் இரத்தத்தில் புகும் மக்னீசியத்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இறால் இனத்தார் இதில் வல்லவர். நண்டினத்தாரோ வல்லவர் அல்லர். சாதாரணக் குளிரில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை. கடுங்குளிரில், ஏற்கெனவே மந்தமாகிவிட்ட உடலின்மீது மக்னீசியத்தின் மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. கால் அசையாது; செவுளுக்கு நீர் இறைக்கும் உறுப்பும் தளரும்; இறுதியில் மூச்சே தடைப்படும். தென்துருவக் கடலில் இறால்கள் வாழ, நண்டுகள் ஏன் வாழவில்லை என்னும் கேள்விக்கு இது ஒருவாறு விடை தருகிறது.

இனப்பெருக்க விஷயத்தில் மட்டும் அரச நண்டுக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான நண்டுகளின் குஞ்சுகள், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றே வளரவேண்டும். துருவப் பகுதியில் அவ்வுணவு கோடைக்காலத்துச் சில வாரங்களில்தான் கிடைக்கும். ஆழ்கடல் அரச நண்டின் குஞ்சுகளோ, முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சட்கருவைக் கட்டுச்சோறாகக் கொண்டு வளர்கின்றன. எனவே அவற்றுக்குப் பருவத்தை எதிர்பார்க்க வேண்டிய தேவை இல்லை. நீரின் உஷ்ணம் மட்டும் இடம் கொடுத்தால் போதும்.

குளிர் காத்த உலகம்

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்துள்ள கண்டத்திட்டின் நீர், ஒரு கோடியே நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய நண்டுகளை உள்ளே விடாமல் தடுத்து வந்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. அதற்கும் மிக முன்னே, கண்டம் இன்றுபோல் உறையாத காலத்தில், அங்கே நண்டுகள் இருந்தன. தீபகற்பத்தின் அருகிலுள்ள சீமோர் தீவின் பாறைகளில் அவற்றின் கல்லுருக்கள் கிடைத்திருக்கின்றன. கடல் குளிர்ந்தது, ஓட்டை நொறுக்கித் தின்னும் விலங்குகள் மறைந்தன.

காவலன் இல்லாத ஊரில் கதவு பூட்டப்படாமல் இருப்பதுண்டு. கள்வன் இல்லாத ஊரிலும் அப்படியே. தென்துருவக் கடற்படுகை இரண்டாம் வகை. அங்கே கடல் அல்லிகளும், நீண்ட கைகளையுடைய நொறுங்கு நட்சத்திரங்களும், நட்சத்திர மீன்களும், கடல் அட்டைகளும், உள்ளங்கையளவு பெருத்த கடற்சிலந்திகளும் திறந்த வெளியில் நிம்மதியாகப் பரவியிருக்கின்றன. அங்குள்ள பெரும்பாலான மீன்கள், இரத்தம் உறையாமல் காக்கும் ஒரு பொருளைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொண்டு வாழும் தனிக் குலத்தவை. ஓட்டை உடைத்துத் தின்னும் பலமான தாடை அவற்றுக்கு இல்லை. எதிரிக்கு அஞ்சித் தடித்த ஓட்டை வளர்க்கவும், மண்ணுக்குள் புதைந்து ஒளியவும் அவ்வூர்க் குடிகளுக்கு நெடுங்காலமாக அவசியம் நேரவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் எவ்வாறு இருந்தனவோ, அவ்வமைப்பின் சாயல் அங்கே இன்றும் காணப்படுவதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். அவ்வுலகத்துக்கு மதில் இல்லை. குளிரே மதில்.

பாமர் ஆழ்குழியில் கண்டது

நியோலிதோடஸ் யால்ட்வினி என்னும் இனத்தை 2006-ஆம் ஆண்டில் அஹ்யாங், டாசன் என்னும் இரு அறிஞர் ராஸ் கடற்பகுதியிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு முதன்முதலாக வர்ணித்தனர். நியூசிலாந்தைச் சேர்ந்த நண்டியல் அறிஞர் ஜான் யால்ட்வின் என்பவரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. செந்நிற உடலும், ஓட்டிலும் கால்களிலும் நீண்ட முட்களும் கொண்ட பிராணி இது. ராஸ் கடலுக்கு வெளியே இது வாழ்வதாக அதுவரை யாரும் எழுதியதில்லை.

அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்கே, ராஸ் கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், பாமர் ஆழ்குழி என்றொரு பள்ளம் இருக்கிறது. கண்டத்திட்டின் விளிம்பிலிருந்து 120 கிலோமீட்டர் உட்புறமாக அமைந்தது. 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ளது. சுற்றிலும் மேடான திட்டு, நடுவே ஆழ்ந்த குழி. ஊர் நடுவே வெட்டிய குளம் போன்ற அமைப்பு. 2010-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் ஸ்மித் முதலிய விஞ்ஞானிகள், கப்பலிலிருந்தபடியே இயக்கக்கூடிய ஆளில்லா ஊர்தி ஒன்றில் காமிராவைப் பொருத்தி அக்குழியின் அடிக்கு இறக்கினர். அங்கே அவர்கள் கண்டது அரச நண்டுகளின் பெருங்கூட்டம். உருவ அமைப்பும் மரபணுவும் அவை யால்ட்வினி இனமே என்று காட்டின. வழிதவறி வந்த ஒன்றிரண்டு நண்டுகள் அல்ல அவை. அங்கேயே இனம் பெருக்கி வாழும் குடிகள்.

அவர்கள் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10,600 நண்டுகள். அதாவது, பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள இடத்துக்கு ஒரு நண்டு என்ற விகிதம். குழி முழுவதுக்கும் ஏறத்தாழ 15.5 லட்சம். அலாஸ்காவில் வியாபாரத்துக்காக நண்டு பிடிக்கும் கடல்களிலும் நெருக்கம் இவ்வளவே.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அவை நின்ற இடம். 850 மீட்டருக்குக் கீழே, உஷ்ணம் 1.4 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் மட்டுமே அவை காணப்பட்டன. 430 முதல் 725 மீட்டர் வரையுள்ள குளிர்ந்த திட்டுப் பகுதியில் விரிவாகத் தேடியும் ஒன்றுகூடத் தென்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றைக் கிழித்து, 'இதைத் தாண்டாதே' என்று யாரோ கட்டளையிட்டது போலிருந்தது.

கோட்டுக்குக் கீழே மற்ற உயிர்களின் நிலை என்ன? நண்டுகள் உலவிய சேற்றில் எங்கு நோக்கினும் அவை கிளறிய தடங்கள். உயிர் வகைகள் குறைந்திருந்தன. நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் அட்டை முதலிய முட்தோலி வகுப்பார் அங்கே அறவே இல்லை. நண்டுகளே அவற்றைத் தின்று தீர்த்திருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். குழிக்குள் கண்ட காட்சி, மேலேயுள்ள திட்டுக்கு நாளை நேரக்கூடியதன் முன்னறிவிப்போ என்னும் கவலை எழுந்தது.

நூற்றில் ஒரு பங்கு

அக்கவலைக்குக் காரணம் உண்டு. தீபகற்பத்தை ஒட்டிய திட்டின் நீர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.01 டிகிரி வீதம் சூடேறி வருவதாக அதே ஆராய்ச்சிக் கட்டுரை குறிப்பிட்டது. டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு! நம் கையை நீரில் வைத்து இவ்வேறுபாட்டை உணரவே முடியாது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயிலும் அது தெரியாது. ஆயினும் பத்து ஆண்டுகளில் அது பத்தில் ஒரு டிகிரி ஆகிறது. நண்டுகளைத் தடுத்து நிற்பது குளிர் ஒன்றே எனில், ஒன்று அல்லது இரண்டு பத்தாண்டுகளுக்குள் அவை 400 முதல் 600 மீட்டர் ஆழமுள்ள திட்டின்மீது ஏறிவிடக்கூடும் என்று 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை கணித்தது.

2015-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் அரான்சன் முதலியோர், தீபகற்பத்தின் மேற்கிலுள்ள மார்கரீட் விரிகுடாவுக்கு வெளியே கண்டச்சரிவில், 841 முதல் 2,266 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் இதே குடும்பத்தின் மற்றோர் இனமாகிய பாராலோமிஸ் பிர்ஸ்டைனியைக் காமிராவால் கண்டதாக எழுதினர். நீரின் உப்பு, அடிமண்ணின் தன்மை, இரையின் இருப்பு ஆகியவற்றில் எதுவும் அந்நண்டுகள் மேலேறுவதைத் தடுக்கக்கூடியதாக இல்லை என்பது அவர்கள் முடிவு. திட்டின் வெளிப்பகுதிக்கு ஏறுவதற்கு உஷ்ணநிலையும் தடையாக இல்லை; கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில் மட்டுமே குளிர் இன்னும் தடையாக நின்றது.

வந்தவரா, இருந்தவரா?

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் கேட்பது முறை. இந்நண்டுகள் அண்மையில் குடியேறியவை என்பதற்கு என்ன ஆதாரம்? பாமர் ஆழ்குழியை ஆராய்ந்தவர்கள், வெதுவெதுப்பான நீர் திட்டின்மீது புரண்டு வந்த ஏதோ ஒரு காலத்தில் நண்டுக் குஞ்சுகள் அதனோடு அடித்துவரப்பட்டிருக்கலாம் எனக் கருதினர். ஆனால், 2013-ஆம் ஆண்டில் ஹியூ கிரிஃபித்ஸ் முதலிய வேறு சில அறிஞர்கள் தென்கடல் நண்டுகளைப் பற்றிய பழைய பதிவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, படையெடுப்பு என்று முடிவு கட்டுவதற்குப் போதிய சான்று இல்லை என்று வாதிட்டனர். அந்த ஆழங்களில் முன்பு எத்தனை முறை வலை வீசினோம்? எத்தனை முறை காமிரா இறக்கினோம்? தேடாத இடத்தில் காணவில்லை என்பது, அங்கே இல்லை என்பதற்குச் சான்றாகுமா?

சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு இவ்வாதத்தின் நுட்பம் எளிதில் விளங்கும். ஒரு குடும்பத்தின் பெயர் இந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக எழுதப்பட்டது என்பதனால், அக்குடும்பம் இந்த ஆண்டில்தான் அந்த ஊருக்கு வந்தது என்று சொல்லிவிட முடியாது. தாத்தா காலம் முதலே அத்தெருவில் இருந்திருக்கலாம். எழுதுவோர்தாம் அத்தெருவுக்கு வராமல் இருந்திருக்கலாம். பதிவு தொடங்கிய நாள் வேறு. வாழ்வு தொடங்கிய நாள் வேறு.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுதல் நன்று. நண்டு எப்போது வந்தது என்பது ஒன்று. அதற்கு விடை கருத்துவேறுபாட்டுக்கு உரியது. நீர் சூடேறினால் நண்டு மேலே ஏறுமா என்பது மற்றொன்று. நெடுநாளாக அடிவாரத்தில் இருந்தவராயினும், புதிதாக வந்தவராயினும், மதில் இடிந்தால் உள்ளே நுழைவதற்கு இருவருக்கும் தடையில்லை. நண்டின் பழமையை நிலைநாட்டுவதால் திட்டின்மேல் வாழும் மெல்லுடல் உயிர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பட்டுவிடாது.

நமக்கு என்ன?

இவ்வளவு தொலைவிலுள்ள ஒரு நண்டின் நடமாட்டம் நமக்கு எவ்வகையில் உரியது என்று கேட்பவர் இருக்கலாம். அண்டார்க்டிகா எந்த ஒரு நாட்டின் ஆட்சிக்கும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உடைமை அன்று. 1959-ஆம் ஆண்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அது அமைதிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய இடமாக ஒதுக்கப்பட்டது. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1983-ஆம் ஆண்டில் சேர்ந்து, முடிவு செய்யும் உரிமையுள்ள நாடுகளுள் ஒன்றாயிற்று. 1989-ஆம் ஆண்டில் மைத்ரி நிலையமும், 2012-ஆம் ஆண்டில் பாரதி நிலையமும் அங்கே பணி தொடங்கின. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது ஆலோசனைக் கூட்டம் நம் கொச்சியிலேயே நடைபெற்றது. தென்துருவக் கடலைப் பற்றிய பேச்சில் நம் நாட்டுக்கும் ஒரு குரல் உண்டு. குரல் உள்ளவருக்குச் செய்தியும் தெரிந்திருக்கவேண்டும்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் எழும் வாயுக்கள் உலகின் உஷ்ணத்தை உயர்த்துகின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. அந்த உயர்வை நாம் வெயிலின் கடுமையிலும் மழையின் மாறுபாட்டிலும் வைத்து அளக்கிறோம். ஆழ்கடலில் அளவுகோல் வேறு. அங்கே நண்டின் கால் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதே அளவுகோல். 2010-ஆம் ஆண்டில் அது 850 மீட்டருக்குக் கீழே நின்றது. இனிவரும் ஆண்டுகளில் காமிராவை மீண்டும் மீண்டும் இறக்கி, அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது விஞ்ஞானிகளின் கடமை. அவ்வாறு பதிவு செய்துகொண்டே வந்தால்தான், வந்தவரா இருந்தவரா என்னும் வழக்கு நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலாவது ஆதாரத்தோடு தீரும். நூற்றில் ஒரு டிகிரி என்பது சிறிய தொகைதான். ஆயினும் அதனை ஆண்டுதோறும் யார் கணக்கில் ஏற்றுகிறோம் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.